பூந்தொட்டி மண்

சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் தாமந்தனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஜாம்பியா' என்று எழுதியிருந்தது.

அருஷா நகரத்தில் நடக்கும் அந்தப் பயிற்சிக்கு ஆப்பிரிக்க நாடுகளின் அரசு அதிகாரிகள் வருவார்கள். உலக வர்த்தக விதிகள் என்ன சொல்கின்றன, அண்டை நாடுகள் சேர்ந்து ஒரே சந்தையாக மாறுவது எப்படி என்று சில வாரங்கள் பாடம் நடக்கும். கடைசி நாளில் ஒரு போலிப் பேச்சுவார்த்தை. அதில் கட்டுப்பாடு ஒன்றுதான். யாரும் சொந்த நாட்டுக்காகப் பேசக் கூடாது. எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காதவன் எதிராளியோடு பேசவே லாயக்கில்லை என்பது பயிற்சியாளர் டாக்டர் அசாபாவின் கட்சி. உகாண்டாக்கார அம்மாள். பாடம் நடத்தும்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தாமந்தனி மலாவி அரசின் வர்த்தக அதிகாரி. எதிர் வரிசையில் 'மலாவி' சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியவன் லாக்சன் கமங்கா, ஜாம்பியாவின் வர்த்தக அதிகாரி. ஆக, அவள் அவன் நாட்டுக்காக வாதாட வேண்டும், அவன் அவள் நாட்டுக்காக.

இரண்டு பேரும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள். பேசுவது ஒரே மொழி. தாய் வழியில் அவள் பிரி குலம், அவன் பண்டா குலம். அந்த இரண்டு குலங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை முறை. முறை உள்ளவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம், சபையில் வைத்து மானத்தை வாங்கலாம். கோபப்பட மட்டும் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர். பயிற்சியின் முதல் நாள் குலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்தே அவன் அவளை 'முறைப்பொண்ணே' என்றான், அவள் அவனை 'மச்சான்' என்றாள். இருவருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது. அது வேறு விஷயம்.

எதைப் பற்றி வாதாடுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். உசிபா. மலாவி ஏரியில் கிடைக்கும் விரலளவுப் பொடிமீன். கரையில் காயவைத்து, மூட்டை கட்டி, பெண்கள் எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஜாம்பியாவின் சிபாட்டா சந்தையில் விற்பார்கள். சிறு வியாபாரிகள் சான்றிதழ் ஏதுமில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகக்கூடிய பொருட்களுக்கென்று இரு நாடுகளும் ஒரு பொதுப் பட்டியல் வைத்திருந்தன. உசிபா அதில் தற்காலிகமாகத்தான் இருந்தது. நிரந்தரமாகச் சேர்ப்பதா, எடுத்துவிடுவதா என்று வருகிற ஆண்டு நிஜமாகவே பேச வேண்டியிருந்தது.

தாமந்தனிக்கு உசிபா என்றால் அக்கா. எனிஃபா அக்கா சலிமா கரையில் மீன் வாங்கி, காயவைத்து, வாரம் தவறாமல் எல்லை தாண்டுகிறவள். அந்த மீனில்தான் அவள் பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். தங்கை அருஷாவுக்குப் புறப்பட்டபோது, அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஒரு பொட்டலம் உசிபாவைப் பையில் திணித்து அனுப்பியிருந்தாள். அது பிரிக்கப்படாமல் பைக்குள்ளேயே கிடந்தது.

பேச்சுவார்த்தைக்கு முந்திய தேநீர் இடைவேளையில் தாமந்தனிக்கு அந்தப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. மீனை மண்ணில் பரப்பிக் காயவைக்கிறார்கள், சுகாதாரம் இல்லை, ஆகவே ஆய்வுக்கூடச் சான்றிதழ் வேண்டும் என்று ஜாம்பியா கேட்டால்? மக்கள் உடல்நலத்துக்காக ஒரு நாடு அப்படிக் கேட்கலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் தாள் மேல் உதறிப் பார்த்தாள். செதில் ஒன்றிரண்டு விழுந்தது. மண் விழவில்லை. எப்படி விழும்? மூங்கில் பரண் கட்டித்தான் காயவைக்க வேண்டும் என்று அக்காவை விடாமல் நச்சரித்துக் கட்டவைத்தவளே அவள்தான். அக்காவைப் பார்த்துக் கரையிலிருந்த பெண்கள் பலரும் பரண் போட்டுவிட்டார்கள்.

வராந்தாவில் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. தாமந்தனி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு தொட்டியிலிருந்து ஒரு பிடி உலர்ந்த மண்ணை எடுத்துப் பொட்டலத்தில் போட்டுக் குலுக்கினாள். மனசு உறுத்தவில்லை. நாடகம் என்றால் அரிதாரம் வேண்டாமா?

பேச்சுவார்த்தையில் லாக்சன் நன்றாகத்தான் பேசினான். ஏழைப் பெண்கள், ஏரி, பிழைப்பு என்று உருகினான். கேட்டவர்களில் சிலர் தலையாட்டினார்கள். அவன் உட்கார்ந்ததும் தாமந்தனி எழுந்தாள். ஒன்றும் பேசாமல் மேஜையில் வெள்ளைத் தாளை விரித்தாள். பொட்டலத்தைக் கவிழ்த்து, மீனை ஒவ்வொரு கையாக அள்ளி உதறினாள். தாளில் மண் படிந்தது.

"மதிப்புக்குரிய மலாவி நண்பரே, இது மீனா, ஏரிக்கரையா? ஏரியில பாதியை எங்களுக்கே அனுப்பிட்டீங்க. மீதியையாவது நீங்க வச்சுக்குங்க."

அரங்கமே சிரித்தது. கானாக்காரர் ஒருவர் மேஜையைத் தட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் விதியை எடுத்துப் படித்தாள், பிரிவைச் சொன்னாள், சான்றிதழ் இல்லாத மீன் பட்டியலில் இருக்க முடியாது என்று முடித்தாள். லாக்சன் எழுந்தான், ஏதோ தேடினான், உட்கார்ந்துவிட்டான். ஜாம்பியா ஜெயித்தது. மலாவிக்காரி ஜெயித்துக் கொடுத்தாள்.

டாக்டர் அசாபா கைதட்டவில்லை. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, வாதம் பிரமாதம், ஆனால் சொந்த வீட்டுச் சாவியை இப்படி மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். தாமந்தனியும் சிரித்தாள்.

அன்று மாலை கரியில் வாட்டிய ஆட்டிறைச்சியும் வாழைக்காயும் சாப்பிடக் கும்பலாகப் போனார்கள். ஓரத்து மேஜையில் அவளும் லாக்சனும். வெற்றி அவள் தலைக்கு ஏறியிருந்தது.

"என்ன மச்சான், மலாவியை இப்படி வித்துட்டியே" என்றாள்.

"வித்தது உன் ஊரைத்தான், முறைப்பொண்ணே. வாங்கினதும் நீதான். எனக்கு இதுல என்ன நஷ்டம்?"

அத்தோடு அவள் விட்டிருக்கலாம். இறைச்சியைக் கடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசி, எழுந்து போயிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அந்த மேஜைக்கு மனசால் திரும்பிப் போய், அந்த இடத்தில் வாயை மூடிப் பார்த்திருக்கிறாள். ஆனால் ஜெயித்தவளுக்கு, தான் எவ்வளவு மெல்லிய கயிற்றின் மேல் நடந்து ஜெயித்தோம் என்பதையும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா நான் காலி, தெரியுமா?"

"என்ன கேள்வி?"

"உங்க ஊர் கப்பெண்டா எதுல காயுது?"

கப்பெண்டா என்பது ஜாம்பியாவின் பொடிமீன். உசிபாவுக்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கும். லாக்சன் மெல்லுவதை நிறுத்தினான்.

"மண்ணுலதான் காயுது" என்றாள் அவள். "எந்தச் சான்றிதழும் இல்லாம லுசாக்கா சந்தையில விக்குது. நம்ம வீட்டுச் சரக்குக்கு ஒரு சட்டம், பக்கத்து வீட்டுச் சரக்குக்கு ஒரு சட்டம்னு வைக்கக் கூடாதுங்கறதுதானே முதல் பாடம்? நீ அதைக் கேட்டிருந்தா நான் மீனை அள்ளிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஓடியிருப்பேன்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். நல்லவேளை நான் நிஜத்தில் மலாவிக்காரன் இல்லை என்றான். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பூந்தொட்டி மண்ணைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை. அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் வந்து போனது. நிஜப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். இடம் சிபாட்டாவில் ஒரு ஓட்டல். அருஷா போய்ப் படித்து வந்தவள், எதிராளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தவள் என்று தாமந்தனியையே மலாவிக் குழுவுக்குத் தலைவியாக்கி அனுப்பினார் அவளுடைய இயக்குநர். போகிற வழியில் முச்சிஞ்சி எல்லையில் காரை நிறுத்தினாள். எனிஃபா அக்காவும் இன்னும் சில பெண்களும் மூட்டைகளை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னாள் அக்கா. மூட்டையைத் திரும்பச் சலிமாவுக்குத் தூக்கிப் போவதா, சிபாட்டாவுக்குத் தூக்கிப் போவதா என்று தங்கைதானே வந்து சொல்லப் போகிறாள்!

"போயிட்டு வாடி. நீ பேசினா எதிர்ல எவன் நிப்பான்?" என்றாள்.

கூட்ட அறையில் லாக்சன் ஜாம்பியாக் குழுவின் இரண்டாவது நாற்காலியில் இருந்தான். அவள் உள்ளே நுழைந்ததும் 'மச்சான், தொப்பை போட்டுட்ட' என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. எதிரிலிருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

ஜாம்பியாக் குழுவின் தலைவர் நரைத்த தாடிக்காரர், மரியாதையான மனிதர். மலாவிக் குழுவின் பயணம் சௌகரியமா என்று விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். தாமந்தனி தன் பக்கத்து நியாயங்களை வைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார்.

அவள் சட்டென்று லாக்சனைப் பார்த்தாள்.

அவர் ஒரு பொட்டலத்தைக் கவிழ்த்தார். உசிபா. இந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்றார். கையால் அள்ளி உதறினார். தாளில் கொஞ்சம் மண் விழுந்தது.

"மதிப்புக்குரிய மலாவி நண்பர்களே, ஏரியில பாதியை நீங்க எங்களுக்கே அனுப்பிட்டீங்க போலிருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிக்கிற இடமாக இல்லை.

அந்த மண் மீனோடு வந்ததா? அதுதான் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. சலிமா கரையில் பரண் வந்த பிறகு மண்ணுக்கு வழியில்லை என்று அவள் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சந்தைத் தரையில் ஒட்டியதாக இருக்கலாம். மூட்டையில் வந்ததாகவும் இருக்கலாம், எல்லாப் பெண்களுமா பரண் போட்டுவிட்டார்கள்? இல்லை, வேறு எங்கிருந்தாவது வந்ததா? அந்த அறையில் யார் வேண்டுமானாலும் அதைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் இல்லாதவள் தாமந்தனி ஒருத்திதான். ஒரு பிடி தொட்டி மண் அவள் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள்.

"உங்க கப்பெண்டாவும் மண்ணுலதானே காயுது? உங்க மீனுக்கு இல்லாத சான்றிதழ் எங்க மீனுக்கு மட்டும் எதுக்கு?"

பெரியவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல லாக்சனைப் பார்த்தார். லாக்சன் எழுந்தான். சென்ற மாதத்திலிருந்து ஜாம்பியாவில் கப்பெண்டாவுக்கும் அதே சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்று தாளைப் பார்த்துப் படித்தான். உள்ளூர்ச் சரக்குக்கும் வெளியூர்ச் சரக்குக்கும் ஒரே சட்டம். குரல் அவனுடையதாகவே இல்லை.

ஓட்டையை அவள் காட்டிக் கொடுத்தாள். அவர்கள் அடைத்துவிட்டார்கள். ஏரியில் பெரிய வலை போடும் கம்பெனிகளுக்குக் கரையிலேயே ஆய்வுக்கூடம் உண்டு, சான்றிதழ் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தலையில் மூட்டை வைத்துப் போகிறவள் ஒவ்வொரு மூட்டைக்கும் தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் காத்திருக்க முடியுமா? அதைத் தாமந்தனி சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவர் வருத்தத்தோடு தலையசைத்தார், நிஜமாகவே வருத்தம்தான். எல்லையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் வரட்டும், பிறகு பேசலாம் என்றார். எப்போது வரும் என்று அவளுடைய நாடும் சொல்லவில்லை, அவருடைய நாடும் சொல்லவில்லை. உசிபா பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தாமந்தனி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே கார் நிறுத்தும் இடத்துக்கு லாக்சன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"கொஞ்சம் நில்லு. நான் வேணும்னு பண்ணலை. பயிற்சிக்குப் போய் வந்தா அறிக்கை கொடுக்கணும், உனக்கும் தெரியும். நான் உன்னைப் புகழ்ந்துதான் எழுதினேன். மலாவிக்காரி ஒருத்தி எப்படி ஜாம்பியாவை ஜெயிக்க வச்சா, அப்புறம் எப்படி அவளே அதுல ஓட்டையைக் காட்டினா, நம்ம ஆளுங்க அவகிட்ட கத்துக்கணும்னு எழுதினேன். மேல இருக்கறவங்க அதைப் பாராட்டா படிக்கலை. திட்டமா படிச்சிட்டாங்க."

அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

"என் மாமியார் கப்பெண்டா விக்கறவ. புதுச் சட்டத்தால அவ கடையும் மூடிக் கிடக்கு. வீட்டுல எனக்குச் சோறு போடறதுகூட முணுமுணுத்துக்கிட்டுதான்." அவன் சிரிக்க முயன்றான். "திட்டு, முறைப்பொண்ணே. நல்லா நாலு வார்த்தை திட்டு. கோபப்பட மட்டும் கூடாது, தெரியும்ல?"

அவளுக்கும் அவனைத் திட்டத்தான் ஆசையாக இருந்தது. திட்டினால் பழையபடி ஆகிவிடும். ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? சாவியை மேஜை மேல் வைத்தவள் அவள். அவன் எடுத்துப் பார்த்தான், அவ்வளவுதானே! நான் போட்ட மண் பூந்தொட்டி மண் என்று அப்போதாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். எல்லாம் கையெழுத்தான பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது?

"கோபமெல்லாம் இல்லை, கமங்கா சார்" என்றாள். "வரேன்."

அந்த 'சார்' அவன் முகத்தில் விழுந்ததை அவள் பார்த்தாள். கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லை நெருங்க நெருங்க, ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னாள். முச்சிஞ்சியில் எல்லாரும் அதே மரத்தடியில்தான் இருந்தார்கள். எனிஃபா அக்கா தங்கையின் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டாள். எழுந்து நின்றவள் மறுபடி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரணம் சொன்னாங்க?"

"மீன்ல மண்ணு இருக்குன்னு."

"நம்ம மீன்லயா?" அக்காவுக்கு அழுகையைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. மூட்டையின் வாயை அவிழ்த்தாள். இடுப்பில் சுற்றியிருந்த சித்தேஞ்சேத் துணியின் முனையை மடியில் விரித்து, ஒரு கை மீனை அள்ளி உதறினாள். சேர்ந்தாற்போல் இன்னொரு கை. "வாங்கடி, வந்து பாருங்க. எங்க இருக்கு மண்ணு? பரண் கட்டச் சொல்லி நீதானேடி உசிரை எடுத்த? அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

தாமந்தனி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். செதில் ஒன்றிரண்டு கிடந்தது.

"மண்ணுன்னு முதல்ல வாயைத் திறந்தது யாரு?" என்று கேட்டாள் அக்கா. "அந்தப் புத்திசாலியை நான் ஒரு தடவை பாக்கணும்."

"நான்தான்க்கா" என்றாள் தாமந்தனி.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எனிஃபா அக்கா சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்தே இவள் இப்படித்தான், வீடே இடிந்து விழுந்தாலும் அதில் ஒரு வேடிக்கை பண்ணிக் கூட இருக்கிறவர்களைத் தேற்றுவாள் என்று அக்கா அவர்களிடம் சொன்னாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவை சொல்லத் தாமந்தனிக்கு நாக்கு எழவில்லை.

பெண்கள் மூட்டைகளைத் திரும்பிப் போகும் லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். தாமந்தனி ஒரு மூட்டையைத் தூக்கப் போனாள். நல்ல துணி அழுக்காகிவிடும் என்று அக்கா பதறி அவள் கையைத் தட்டிவிட்டாள். ஆபீஸ் உடையோடு இதெல்லாம் எதுக்கு என்றாள். பிறகு வழக்கம்போல ஒரு பொட்டலம் உசிபாவைக் கட்டி, கார் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள்.

"வச்சுக்க. நாளைக்கு எங்கேயாவது பேசப் போனா கையில இருக்கட்டும். எடுத்து உதறிக் காட்டு" என்றாள்.